வாங்கும் விதி, நிறுத்தும் விதி

ஈப்போவில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கிடங்குக்குப் புதிதாகத் திட்டமிடல் மென்பொருள் பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துவரம்பருப்புக்கான பக்கத்தைத் திறந்தால் சில கட்டங்கள் காலியாக இருக்கும்: சராசரி விற்பனை, ஆர்டர் போட்ட நாளிலிருந்து சரக்கு வந்துசேரும் காலம், பாதுகாப்புக் கையிருப்பு, மறு ஆர்டர் அளவு, உச்ச அளவு. இவற்றை நிரப்பிவிட்டால், இருப்பு மறு ஆர்டர் அளவைத் தொட்டதும் மென்பொருளே கொள்முதல் சீட்டை எழுதி வைத்துவிடும். கணக்கும் எளியதுதான். நாளொன்றுக்கு 12 மூட்டை விற்கிறது, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சரக்கு வர 30 நாள் ஆகிறது என்றால் அந்த இடைவெளிக்கு 360 மூட்டை வேண்டும். விற்பனை தினமும் ஒரே அளவாக இருப்பதில்லை. அன்றாட ஏற்ற இறக்கம் 8 மூட்டை என்று கொண்டு, அதை 30-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 88 வரும்; அதுதான் பாதுகாப்புக் கையிருப்பு. ஆக, இருப்பு 448 மூட்டைக்கு இறங்கும்போது அடுத்த ஆர்டர்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் கப்பல் பத்து நாள் பிந்தினால் 120 மூட்டை கூடுதலாக வேண்டும். 88 மூட்டை அதற்குக் காணாது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் 12 என்ற சராசரிக்கே பொருள் இல்லை. மறுபக்கம், பருப்பு விலை சரிந்துகொண்டே போகும் ஆண்டில் அதே விதி பழைய விலையில் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கும். இருப்பு குறைந்தால் வாங்கு என்று அதற்குச் சொல்லியிருக்கிறோம். எந்த நிலையில் நிறுத்தி ஒரு மனிதரைக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட விதிகளைத் தொழிற்சாலைப் பொறியாளர்களின் கண்டுபிடிப்பாகவே பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது சிக்கனம் என்பதற்குச் சூத்திரம் எழுதினார். 1975-இல் ஜோசப் ஆர்லிக்கியின் நூல் கணினி வழிப் பொருள்தேவைத் திட்டமிடலைப் பரப்பியது. அந்த வரலாறு சரிதான். ஆனால் பேராக்கில் இருக்கும் நமக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும், கோலகங்சாரிலிருந்து தெலுக் இந்தான் வரை பரந்த தோட்டங்களின் ரப்பரும் பல பத்தாண்டுகள் கையிருப்பு விதிகளின் கீழ்தான் விற்றன. அந்த விதிகளை எழுதியவர்கள் லண்டனிலும் ஜெனீவாவிலும் இருந்தார்கள். அவை சரியாக நடந்தபோதும் முறிந்தபோதும் அவற்றின் பலன் வந்து விழுந்த இடம் இங்கே. இன்று மென்பொருளில் எண் நிரப்பும் எவரும் இந்த இரண்டு கதைகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ரப்பர் மலாயாவுக்கு வந்த தொடக்கமே பேராக்கோடு சேர்ந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றை நட்டார். அரை நூற்றாண்டுக்குள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில் காடு முழுவதும் பால்மரமாயிற்று. முதல் உலகப்போருக்குப் பிறகு ரப்பர் தேவைக்கு மேல் குவிந்து விலை சரிந்தது. 1922 நவம்பர் முதல் நாள், ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதன் வழக்கமான உற்பத்தி இவ்வளவு என்று நிர்ணயித்து, தொடக்கத்தில் அதில் 60 சதவீதத்தைத்தான் சாதாரண வரியில் ஏற்றுமதி செய்யவிட்டார்கள். ஒரு காலாண்டின் சராசரி விலையைப் பார்த்து அடுத்த காலாண்டின் சதவீதத்தைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள்.

விதி தெளிவாக இருந்தது, வேகம்தான் இல்லை. அமெரிக்காவில் கார்கள் பெருகி, லண்டன் கிடங்குகளில் இருப்பு கரைந்தபோது, 1925-இல் விலை ராத்தலுக்கு நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. விதியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறு படிகளாகத்தான் கதவைத் திறந்தது. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் திட்டத்துக்கு வெளியே நின்று தாராளமாக நட்டன. ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும் ஃபோர்டு பிரேசிலுக்கும் போனார்கள். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. நேற்றைய சராசரியை வைத்து நாளைய அளவை முடிவுசெய்யும் எந்த விதிக்கும் இந்த நோய் உண்டு. மூன்று மாத சராசரி விற்பனையை வைத்து மறு ஆர்டர் அளவைத் தானே திருத்திக்கொள்ளும் மென்பொருள், தீபாவளி விற்பனையைப் பார்த்துவிட்டு அது முடிந்தபின் கிடங்கை நிரப்பும்.

இதைவிட நெடுநேரம் ஆராயத் தக்கது 1979-இல் ஜெனீவாவில் ஐ.நா. வர்த்தக மாநாட்டின் ஏற்பாட்டில் உருவான பன்னாட்டு இயற்கை ரப்பர் ஒப்பந்தம். விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து கோலாலம்பூரில் ஓர் அமைப்பை நிறுவி, பொதுச் செலவில் ஒரு தாங்கல் கையிருப்பை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. அதன் உச்ச அளவு 5,50,000 டன்: வழக்கமான இருப்பு 4,00,000, நெருக்கடிக்கு 1,50,000. செலவில் பாதி ஏற்றுமதி நாடுகளுடையது, பாதி இறக்குமதி நாடுகளுடையது.

விதிகளைப் பார்த்தால் இன்றைய மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைப் படிப்பது போலவே இருக்கும். ஆதார விலை கிலோவுக்கு 210 மலேசிய–சிங்கப்பூர் காசு. அதிலிருந்து 15 சதவீதம் மேலும் கீழும் உள்ள பட்டைக்குள், அதாவது ஏறத்தாழ 179-க்கும் 242-க்கும் இடையில், கையிருப்பு மேலாளர் பொதுவாகக் கைகட்டி இருக்க வேண்டும். விலை 179-க்குக் கீழே போனால் அவர் வாங்கலாம். 168-ஐத் தொட்டால் வாங்கியே ஆக வேண்டும். மேல்பக்கமும் அப்படியே: 242-க்கு மேல் விற்கலாம், 252-இல் விற்றே ஆக வேண்டும். இவற்றுக்கும் வெளியே 150, 270 என்று இரண்டு எல்லைக்கோடுகள். நெருக்கடி இருப்பைத் தொடுவதற்கு இந்தக் கோடுகளை ஒட்டித் தனி விதி.

‘வாங்கலாம்’, ‘வாங்கியே ஆக வேண்டும்’ என்ற இரண்டு படிகள்தான் இந்த ஒப்பந்தத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. முதல் படியில் மேலாளரின் அனுபவத்துக்கு இடம் உண்டு: சந்தையின் மூச்சைப் பார்த்துக் கொஞ்சம் வாங்கலாம், காத்திருக்கலாம். இரண்டாவது படியில் அவருடைய தயக்கத்துக்கும் அரசியல் நெருக்கடிக்கும் இடமில்லை. நம் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கோட்டோடு வருகின்றன. அதனால் ஒன்று, கிடங்குக் கிராணி எல்லாக் கொள்முதல் சீட்டுக்கும் கண்ணை மூடி ஒப்புதல் கொடுக்கிறார், அல்லது எதையும் நம்பாமல் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்கிறார். இரண்டு கோடுகள் இருந்தால், எந்த ஆர்டரை அவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டும், எதை இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பது அவருக்கே தெளிவாகும்.

எந்த விலையைப் பார்ப்பது என்பதற்கும் கவனமாக விதி எழுதினார்கள். கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் ஆகிய நான்கு சந்தைகளில் மூன்று தரங்களின் விலையைச் சேர்த்து, ஐந்து நாள் சராசரியாகக் கணக்கிட்டார்கள். ஒருநாள் பதற்றத்துக்கு இருப்பு ஆடக்கூடாது என்பதே நோக்கம். ஆதார விலையும் நிரந்தரமாக விடப்படவில்லை: முதல் ஒப்பந்தத்தில் 18 மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு. முந்திய ஆறு மாத சராசரி பட்டைக்கு வெளியே இருந்தால் ஆதார விலை தானாகவே 5 சதவீதம் நகரும். சந்தை மாறிவிட்டது என்று யாரோ ஒருவர் மேசையைத் தட்டி நிரூபிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

1981 இறுதியில் வாங்கத் தொடங்கினார்கள். மந்தமான ஆண்டுகளில் வாங்கி வாங்கி, மூன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் சேர்ந்தது. ரப்பரைப் பத்தாண்டுகள் கட்டிவைக்க முடியாது. பூஞ்சை பிடிக்கும், தரம் இறங்கும். பழைய சரக்கை விற்றுப் புதியதை வைக்கும் சுழற்சிக்கும் விதி இருந்தது. 1988-இல் எய்ட்ஸ் அச்சத்தால் கையுறைக்கான தேவை உலகெங்கும் பெருகி விலை ஏறியது. விதி சொன்னபடி விற்றார்கள். 1989-க்குள் கிடங்கு ஏறக்குறைய காலியானது. ஒரு பொதுக் கையிருப்பு தாழ்ந்த விலையில் நிரம்பி, உயர்ந்த விலையில் தீர்ந்த கதை பண்டச் சந்தை வரலாற்றில் அடிக்கடி கேட்கக் கிடைக்காது.

அதே காலத்தில் ஈயத்துக்கு நேர்ந்தது வேறு.

ஈய ஒப்பந்தங்களை நடத்திய பன்னாட்டு ஈய மன்றம் லண்டனில் இருந்தது. முதல் ஒப்பந்தம் 1956-இல் நடைமுறைக்கு வந்தது. ஆறாவது ஒப்பந்தம் 1982-இல் தொடங்கியபோது அமெரிக்காவும் பொலிவியாவும் சேரவில்லை. ஒப்பந்தத்துக்கு வெளியே பிரேசில் தோண்டிக் குவித்தது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் தகர டப்பாக்களின் இடத்தைப் பிடித்தன. அடிநிலை விலை கிலோவுக்கு 29.15 ரிங்கிட், மேல்நிலை 37.89 என்று நின்றன. சந்தையில் உண்மையான விலை எங்கே இருக்க வேண்டுமோ அதற்கு வெகு மேலே அடிநிலை இருந்தது. ஆனாலும் அதைக் கீழே நகர்த்தும் விதி தானாக இயங்கவில்லை. நாடுகள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒப்புக்கொள்ளவில்லை. எனவே கையிருப்பு மேலாளர் வாங்கிக்கொண்டே போனார்.

நாடுகள் தந்த பணம் தீர்ந்தபின், வாங்கிய ஈயத்தையே அடகுவைத்து வங்கிகளிடம் கடன் வாங்கினார். பின்னால் பணம் தருகிறேன் என்று தரகர்களிடம் முன்பேர வணிகத்தில் வாங்கினார். கையிருப்பின் உண்மையான அளவு இப்போது கிடங்கில் மட்டும் இல்லை. ஒப்பந்தத் தாள்களிலும் இருந்தது, அதை முழுதாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

அடிநிலையை ரிங்கிட்டில் வைத்திருந்தார்கள். வணிகமோ லண்டனில் பவுண்டில் நடந்தது. 1985 தொடக்கத்தில் பவுண்டு மிகவும் தாழ்ந்திருந்தது. பின்னர் அது ஏறியபோது, ரிங்கிட்டில் அதே அடிநிலையைக் காப்பாற்றப் பவுண்டில் முன்பைவிடக் குறைந்த விலை போதும் என்றாயிற்று. ஆனால் மேலாளர் அதிக பவுண்டு விலையில் வாங்கியிருந்தார், பவுண்டில் கடன்பட்டிருந்தார். அடகில் இருந்த ஈயத்தின் மதிப்பு கடனுக்குக் கீழே இறங்கியது.

1985 அக்டோபர் 24 அன்று, கையிருப்பிடம் பணம் இல்லை என்று மேலாளர் அறிவித்தார். லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்தியது. கோலாலம்பூர் ஈயச் சந்தையும் மூடப்பட்டு 1986 பிப்ரவரியில்தான் திறந்தது. வங்கிகளுக்கும் தரகர்களுக்கும் ஏறத்தாழ 90 கோடி பவுண்டு பாக்கி. டன்னுக்கு 8,000 பவுண்டுக்கு மேல் இருந்த விலை சில மாதங்களில் பாதிக்கும் கீழே வந்தது. கடன் கொடுத்தவர்கள் தொடுத்த வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபைவரை போயிற்று; மன்றத்தின் கடனுக்கு உறுப்பு நாடுகள் பொறுப்பல்ல என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு 18.25 கோடி பவுண்டுக்குச் சமரசம் செய்து கணக்கை முடித்தார்கள்.

கிந்தாவில் கணக்கு அப்படி முடியவில்லை. 1980-இல் மலேசியா 61,000 டன்னுக்கு மேல் ஈயம் எடுத்தது. 1986-இல் 30,000 டன்னுக்கும் கீழ். கம்பார், பத்து காஜா, ஈப்போவைச் சுற்றிய சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சுரங்கத்தை நம்பியிருந்த பட்டறைகளும் கடைகளும் சேர்ந்தே சரிந்தன. குறைந்துவந்த தாதும் ஏறிய செலவும் இதற்கு முன்பே அரித்துக்கொண்டிருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் மெல்லத் தளர்ந்து இறங்க வேண்டிய ஒரு தொழிலை ஒரே இரவில் தள்ளிவிட்டது, நிறுத்தும் இடம் எழுதப்படாத அந்த விதிதான். பொய்யான அடிநிலை இருந்த ஆண்டுகளில், மூட வேண்டிய சுரங்கம் மூடாமல் இருந்தது. வேறு வேலை தேட வேண்டிய இளைஞர் தேடாமல் இருந்தார். அந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ரப்பர்காரர்கள் பக்கத்து வீட்டுத் தீயைப் பார்த்தார்கள். 1987-இல் புதுப்பித்த ஒப்பந்தம், கையிருப்புக்குக் கடன் வாங்கும் வாசலை மூடியது. உறுப்பு நாடுகள் தரும் ரொக்கம் மட்டுமே. மறுஆய்வும் 15 மாதத்துக்கு ஒருமுறை என்று விரைவுபட்டது. கடன் பற்றிய இந்த ஒரு திருத்தத்தை ஒவ்வொரு கொள்முதல் மேலாளரும் படிக்க வேண்டும். உச்ச அளவை மூட்டைக் கணக்கில் மட்டும் வைத்தால் போதாது, ரிங்கிட்டிலும் வைக்க வேண்டும். துறைமுகத்தில் வந்துகொண்டிருக்கும் சரக்கையும், வாக்குக் கொடுத்துவிட்ட ஆர்டரையும் அந்த ரிங்கிட்டுக்குள் சேர்க்க வேண்டும். கிடங்கில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணுகிற விதி, முன்பேரத் தாள்களை எண்ணாத ஈய மன்றத்தின் நிலையில்தான் இருக்கிறது.

ஆனாலும் ரப்பர் அமைப்பும் வீழ்ந்தது. வீழ்த்தியதில் பெரும்பங்கு மீண்டும் நாணய அளவுகோலுக்கே. 1997–98 ஆசிய நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தது. உலகச் சந்தையில் ரப்பர் டாலரில் வீழ்ந்துகொண்டிருந்தது. ஆனால் மலேசிய–சிங்கப்பூர் காசில் பார்த்தால் விலை அவ்வளவு இறங்கியதாகத் தெரியவில்லை. விதிப்படி வாங்கும் கோட்டைத் தொட நாளானது, எனவே அமைப்பு வாங்குவதும் பிந்தியது. விலை வீழும்போது தாங்காத தாங்கல் எதற்கு என்று கேட்டு மலேசியா 1998-இல் விலகுவதாக அறிவித்தது, தாய்லாந்தும் தொடர்ந்தது. 1999 அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது. ஈயத்தில் நாணயம் ஒரு பக்கமாக அடித்தது, ரப்பரில் மறுபக்கமாக. அளவுகோலே அசையும்போது எண் சரியாக இருந்து பயனில்லை. பருப்பை டாலரில் வாங்கி ரிங்கிட்டில் விற்கும் ஈப்போ வியாபாரிக்கு இது நேற்றைய கதையல்ல.

இந்த விதிகள் எதுவும் தொடாத ஒருவர் உண்டு. பால்மரம் வெட்டியவர். அதிகாலைப் பிரட்டில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, மங்கில் விழும் பாலைச் சேர்த்து எடைபோடும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அமோனியா கலக்காவிட்டால் பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். உலகமே லட்சம் டன் கணக்கில் இருப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, அவரால் ஒருநாள் உழைப்பைக்கூட இருப்பு வைக்க முடியாது. மழை பெய்தால் அன்றைய வெட்டு இல்லை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் வெட்டுக்காரரின் சம்பளம் ரப்பர் விலையோடு பிணைந்திருந்தது. ஆகவே லண்டனிலோ நியூயார்க்கிலோ விலை ஆடினால் அது சுங்கை சிப்புட் லயத்தின் அரிசிப் பானைவரை வந்து ஆடியது. ஒரு விநியோகச் சங்கிலியில் எல்லாரும் தங்கள் இருப்பைக் குறைத்துக்கொள்ளும்போது, அந்த ஆட்டத்தை யாராவது ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். அவர் பெரும்பாலும் மென்பொருளின் திரையில் இல்லாதவர். பாதுகாப்புக் கையிருப்பை வெறும் செலவாகப் பார்க்கும் கணக்காளர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் பால் பேராக்கை விட்டுப் போகவில்லை. தைப்பிங், கமுண்டிங் வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலைகளில் இயற்கை ரப்பர் கையுறைக்கு வேண்டிய அடர்பாலின் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது. பிப்ரவரியில் தொடங்கும் இலையுதிர் காலத்தில் மரம் பால் சுரப்பது குறையும். வரத்து சுருங்கும், விலை ஏறும். ஆண்டு முழுவதற்கும் ஒரே மறு ஆர்டர் அளவு வைத்திருக்கும் தொழிற்சாலை அந்த மாதங்களில் திண்டாடும். அடர்பாலைத் தொட்டியில் வைத்திருக்கலாம், ஆனால் காலவரையின்றி அல்ல. எனவே ஜனவரியில் உயர்த்தி, புதிய தளிர் முற்றியபின் இறக்கும் பருவ விதி தேவை. அதைத் தருவது சூத்திரம் அல்ல, மரத்தைத் தெரிந்தவரின் அறிவு. தோட்டத்தில் வளர்ந்து இன்று தொழிற்சாலைக் கிடங்கில் வேலைசெய்யும் நம்மவர் பலரிடம் அது இருக்கிறது. மென்பொருள் பொருத்த வருகிறவர்கள் அவர்களையும் கேட்டு எழுத வேண்டும்.

ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் எண்களுக்குப் பக்கத்தில் இன்னும் சிலவற்றைப் பதிய வேண்டும் என்பதே என் பரிந்துரை. இந்த அளவை வைத்தவர் யார், எந்தத் தேதியில், எந்த நம்பிக்கையில். எந்த நாளில் இது தானாக மறுஆய்வுக்கு வரும். எத்தனை ரிங்கிட்டைத் தாண்டினால் இயந்திரம் நிற்கும். நின்றபின் யார் கையெழுத்திட வேண்டும். பல மென்பொருள்களில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. நிரப்புவோர் குறைவு, ஏனெனில் முதல் நாளில் இவை இல்லாமலும் எல்லாம் ஓடும். ஈய மன்றமும் இருபத்தொன்பது ஆண்டுகள் ஓடியது.

மலேசிய அரசு இன்று ரப்பரை வாங்கிக் கிடங்கில் அடுக்குவதில்லை. 2015 முதல் சிறுதோட்டக்காரர்களுக்கு உற்பத்தி ஊக்கத்தொகை என்று வேறொரு விதி இருக்கிறது: தோட்ட வாசலில் ஒட்டுப்பாலின் விலை குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனால், இடைவெளியைப் பணமாகத் தருவார்கள். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அந்தக் கோடு கிலோவுக்கு 2 ரிங்கிட் 70 சென்னிலிருந்து 3 ரிங்கிட்டுக்கு உயர்த்தப்பட்டது. சரக்கு இல்லை, பூஞ்சை இல்லை, அடகு இல்லை. கோட்டை உயர்த்துவதும் உயர்த்தாமல் விடுவதும் வரவுசெலவு அறிவிப்பின் கையில் இருக்கிறது. 18 மாதத்தில் தானே நகரும் விதி எதுவும் அதில் இல்லை. சிறுதோட்டங்களுக்காகவே அந்தத் திட்டம். பெருந்தோட்டத்தில் கூலிக்கு வெட்டுகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.